இடது வைப்பர்

டொலீடோ போகும் வழியெல்லாம் பனி.
பழைய ரொட்டிக் கம்பெனி வேன் எங்களுடையது,
வைப்பர் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார்.
இடது பக்கத்துக்கு மூட்டுவலி.
வலது ஏழு தடவை போய்வருவதற்குள்
இது ஐந்து தடவைதான் முனகும்.
"மெக்கானிக்கிடம் விடலாம்" என்றேன்.
ஸ்டியரிங்கில் விரல் தட்டிக்கொண்டே வெர்லீன்,
"தொட்டால் கையை ஒடிப்பேன்.
நடுப்பகுதி இன்னும் எழுதவில்லை."

அவள் வீட்டில் பியானோ கிடையாது.
மின்கட்டண ரசீதின் முதுகில்
முதலில் கோடும் புள்ளியும், மளிகைக் கணக்குப் போல.
அப்புறம் அந்த எலும்புகளுக்கு
விசிலடித்து விசிலடித்துச் சதை வைப்பாள்.
"டிரம்ஸ்காரிக்கு மெட்டு எதற்கு?"
டிரம்பெட்டைத் துடைத்தபடி ராஸ்கோ கேட்பான்,
அவள் காதில் விழும்படி,
விழாத மாதிரி.

எனக்கு அவளுடைய பெரிய சிம்பலுக்கும்
சுவருக்கும் நடுவில் இடம். ஒன்பது வருஷம்.
பேஸைக் கட்டிக்கொண்டு நின்றே
இடது காதை அவளிடம் அடகு வைத்துவிட்டேன்.
அந்தப் பக்கம் படுத்து என் மனைவி திட்டினால் கேட்காது.
மண வாழ்க்கையில் பாதிச் சண்டை மிச்சம்.

மாதாகோயில் நிலவறையில் ஒத்திகை.
பாய்லர் உறுமியது.
ராஸ்கோவுக்கு இரண்டு பக்கம், கஸிமிருக்கு நான்கு.
எனக்கு ஒரே வரி, திரும்பத் திரும்ப:
வலது வைப்பர்.
அவளுடைய தாளை எட்டிப் பார்த்தேன்.
நடுவில் முப்பத்திரண்டு கட்டம் காலி.
"இங்கே என்ன அடிப்பாய்?"
"கேட்பேன்."

அன்றிரவு பதினொரு பேர்.
ஒருவர் கழிவறை தேடி வந்து
திரும்பிப் போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்தவர்.
அந்த இடம் வந்தது.
குச்சிகளை மடியில் வைத்தாள்,
சாப்பாடு முடிந்த மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டாள்.
ராஸ்கோ திரும்பிப் பார்த்தான்:
இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று
காலை வைத்தவன் முகம்.

என் விரலில் ஏழு.
கஸிமிரின் இடது கையில் ஐந்து, மனமில்லாமல்,
ஒவ்வொன்றும் முக்காலே மூணு வீசம்.
நடுவில் ஒரு வெற்றிடம் திறப்பதும் மூடுவதுமாய்,
அதில் எவனோ ஐஸ் குலுக்குவது,
நாற்காலி தரையை உரசுவது,
வெர்லீனின் மூச்சு.
ஒன்பது வருஷத்தில் அதை நான் கேட்டதேயில்லை,
செத்துப்போன காதால் இப்போது கேட்டேன்.

புருவம் ஒரு நூல் உயர்ந்தது.
அவ்வளவுதான். ராஸ்கோ ஊதினான்,
யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல்
முதல் தடவையாய்
வழி தேடி.
கண்ணாடி துடைத்து ஒரு கணம் சாலை தெரியும்,
மறுபடி மூடும்.
அப்படி முப்பத்திரண்டு கட்டம்.
முப்பத்துமூன்றில் பிரஷ்ஷை எடுத்து அவள்
பனி பெய்யத் தொடங்கினாள்.

கடை மூடும் நேரம் முதலாளி வந்தார்.
முன்னால் நிற்பவன்தானே தலைவன்?
பண உறையை ராஸ்கோவின் கையில் திணித்து,
"உன் பேண்ட் பிரமாதம், தம்பி" என்றார்.
ராஸ்கோ வாயைத் திறந்தான், மூடினான்.
உறையைக் கஸிமிரிடம் நீட்டினான்.
கஸிமிர் என்னிடம்.
நான் சிம்பலுக்கு மேலாக அவளிடம்.
அவள் எச்சில் தொட்டு எண்ணினாள்,
எங்களுக்குச் சரியாக,
தனக்கு பெட்ரோல் போக மீதி.

திரும்பும்போது பனி நின்றிருந்தது.
"நாளைக்கு மெக்கானிக்கிடம் விடு" என்றாள்,
"எழுதியாயிற்று."
காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கீச்சிட்டது.
யாரும் கை நீட்டி அணைக்கவில்லை.
பின்சீட்டில் ராஸ்கோ தூங்குகிறானாம்.
என் முதுகுக்குப் பின்னால் அவன் ஷூ நுனி
இடது வைப்பரோடு
ஐந்து ஐந்தாகத் தட்டிக்கொண்டு வந்தது
கிளீவ்லண்ட் வரை.